ஒட்டாத முதல் தாள்

குறிப்பு இல்லாமல் எனக்கு எழுத வராது. ஆகவே சொல்லப்போவதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. என் நண்பர் கோமதிநாயகம் இறந்த செய்தி வந்த விதம்.
2. புதிய நாவல் தொடங்க அவர் ஒருநாளும் பயந்ததில்லை என்பது.
3. அவருடைய நோட்டுகளின் முதல் தாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். எழுபத்திரண்டு வயதில் என் முதல் நாவலை அன்று தொடங்குவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முடியாது என்று சொல்லத்தான் எடுத்தேன். அதற்குள் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. "ஓய், நானே கூப்பிட இருந்தேன்" என்று ஆரம்பித்தேன். பேசியது அவர் மகள் சிவகாமி.

"மாமா, அப்பா போயிட்டாங்க. சாயா குடிச்சிட்டுப் பேப்பரை விரிச்சாங்க. அவ்வளவுதான்."

நான் "சரி" என்றேன்.

சாலைக் கடைத்தெருவில் இருக்கும் அவருடைய பூட்டுக்கடை நம் வாசகர் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏழு நாவல்களும் அங்கே உட்கார்ந்து எழுதியவை. புது நோட்டு வாங்கினால் முதல் தாளைப் பசை தடவி அட்டையோடு ஒட்டிவிடுவார். கதை இரண்டாம் தாளில்தான் தொடங்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அட்டை கெட்டியாகும் ஓய். முதல் பக்கம்னாதானே உமக்கு நடுக்கம்? அதை இல்லாமலே ஆக்கிடும்."

"அத்தியாயக் குறிப்பே இன்னும் முடியலையே."

"கல்யாணத்துக்கும் குறிப்பு எழுதிட்டுத்தான் போனீரா?"

எழுதினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நானும் ஒரு நோட்டின் முதல் தாளை ஒட்டினேன். நடுக்கம் இரண்டாம் தாளுக்கு மாறியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சிவகாமி அவருடைய புது நோட்டைக் கொண்டுவந்தாள். எட்டாவது நாவலுக்கு வாங்கியது. பசை தடவ அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. முதல் தாள் முழுக்க எழுத்து.

"பயமாக இருக்கிறது. ஏழு முறை எழுத்து வந்தது, இந்த முறை வராது. ஆனால் கதையில் அந்தப் பெண் பஸ்ஸில் ஏறிவிட்டாள், இறங்கமாட்டேன் என்கிறாள். கை பரபரக்கிறது. சங்கரலிங்கத்திடம் சொல்லக் கூடாது. பாவம், என்னைப் பார்த்துத்தான் அவர் துணிகிறார்."

சங்கரலிங்கம் நான்தான்.

சிவகாமி முதல் நாவலின் நோட்டை எடுத்து, ஒட்டிய தாளின் ஓரத்தை நகத்தால் பிரித்தாள். "பயமாக" என்பது வரை தெரிந்தது. "போதும்மா" என்றேன்.

ஒட்டாத அந்தத் தாளைக் கிழித்து எனக்குக் கொடுத்தாள். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான். நேற்று என் நோட்டின் இரண்டாம் தாளில் நான்கு வரி எழுதினேன். பயந்துகொண்டேதான் எழுதினேன்.

மேலே இரண்டாவதாக நான் குறித்தது தவறு.