கடலில் எழுதிய அறிவியல் தேர்வு

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் அசிங்கம். ஒரு போன் நம்பர் இருந்தால் அதன் மறுமுனையில் ஒரு மாணவர் உட்கார்ந்திருப்பார் என்று நம்பியவன் நான். அறிவியல் ஆசிரியர் வேறு.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில், கோவில்பத்திலிருந்து பைக்கில் வரும்போதே எனக்குள் ஒரு மிதப்பு இருக்கும். திரையில் விரலை வைத்தால் இதயம் துடிக்கும். மறுபடி வைத்தால் நிற்கும். எனக்கு நிறுத்தத்தான் வந்தது, திரும்பத் துடிக்க வைக்க வரவில்லை. நான் திரையை எல்லாப் பக்கமும் தடவிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க சார், செத்துரப் போவுது" என்று சொல்லி ஓரத்தில் எதையோ தொட்டாள். இதயம் துடித்தது. வகுப்பே கைதட்டியது. வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

அவள் திருவேட்டக்குடியிலிருந்து வருகிறவள். அப்பா மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். புதுச்சேரியில் பள்ளிகளுக்கிடையே அறிவியல் வினாடி வினா நடக்கப்போகிறது, நம் பள்ளியிலிருந்து நான்கு பேர் போகலாம் என்று நான் சொன்ன நாளிலிருந்து, அவள் என்னை வராந்தாவில் விடாமல் மடக்கினாள். "அங்க கோளரங்கம் இருக்காம்ல சார்? போட்டி முடிஞ்சதும் பாக்க விடுவாங்களா? தோத்தாலும் விடுவாங்களா?"

"மொதல்ல செலக்ட் ஆவு" என்றேன்.

அந்த நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க ஆளுக்கொரு தாளைக் கொடுத்து வகுப்பிலேயே எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் ஒரு க்விஸ் ஆப் இருக்கும்போது தாளைத் தொடுவது கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது. சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்குப் பூட்டிக்கொள்ளும் ஒரு தேர்வைச் செய்து, எல்லோருடைய வீட்டு நம்பருக்கும் அனுப்பினேன். ஒரு நம்பருக்கு ஒரு தடவைதான் எழுதலாம். இந்த விதியை வைத்ததில் எனக்குத் தனிப் பெருமை.

முடிவுகள் வந்தன. அவள் நம்பரிலிருந்து வந்த பதில்களைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தாவரங்கள் பகலில் எதை வெளியிடுகின்றன என்ற கேள்விக்கு 'நெழல்' என்று பதில். மனித உடலின் மிகப்பெரிய உறுப்பு 'வயிறு'. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிடைப்பது 'டீ'. என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். கிண்டலில் ஒருவர் என்னை முந்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. மறுநாள் பெயரை மறைத்துவிட்டு, அந்தப் பதில்களை ஸ்மார்ட் போர்டில் பெரிதாகப் போட்டேன்.

வகுப்பு சிரித்து உருண்டது. "சார், டீக்கு அரை மார்க்காவது போடுங்க!" என்றான் ஒருவன். "வயித்துக்கு முழு மார்க்கு சார், எங்க மாமாவ வந்து பாருங்க!" என்றாள் இன்னொருத்தி. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"அது எங்கப்பா எழுதுனது சார்."

டீக்கு மார்க் கேட்டவன் குனிந்து பையைத் துழாவினான்.

"வீட்டுல ஒரு போன்தான். அப்பா கடலுக்குத் தொழிலுக்குப் போவயில அதுவும் கூடப் போயிரும். ஒம்பது மணிக்கு மூடிருவாங்கன்னு பாத்துட்டு, எனக்கு மார்க் போயிரக்கூடாதுன்னு நடுக்கடல்ல படகுலேயே உக்காந்து எழுதிட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வயிறுன்னு சொன்னது சித்தப்பா" என்றாள்.

ஸ்மார்ட் போர்டை அணைக்கும் இடத்தைத் தேடினேன். அந்த நேரம் பார்த்து அதுவும் எனக்கு வரவில்லை.

மதியம் என் போனையே அவளிடம் கொடுத்து, வேறு கேள்விகள் போட்டு எழுதச் சொன்னேன். ஒன்றே ஒன்றைத்தான் தவறவிட்டாள். ஆனால் ஆப் அந்த மதிப்பெண்ணை என் பெயரில் ஏற்றிக்கொண்டது. தலைமை ஆசிரியை பட்டியலைத் திறந்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன சார் இது, முதல் ரேங்க்குல நீங்க இருக்கீங்க? புள்ளைங்களோட போட்டியா?"

நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். "வீட்டுல சம்மதம் வாங்கிருங்க. நீங்களே பேசுங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல். அப்பாவின் பதிலை வைத்து வகுப்பே சிரித்த சேதி எனக்கு முன்னால் திருவேட்டக்குடி போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் அவள், "க்ளாஸ்ல சிரிச்சத அப்பா கேள்விப்பட்டுட்டாங்க சார். சோறு தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. என்னைய விடுவாங்களான்னு தெரியல" என்றாள். காலையிலிருந்து அவள் கோளரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை படகு கரைக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து, பைக்கை ஓரம் கட்டிவிட்டு அவள் அப்பாவின் நம்பருக்குப் போன் போட்டேன். பின்னால் மீன் ஏலம் விடும் இரைச்சல்.

"அண்ணே, நான் ஸ்கூல்லேர்ந்து சயின்ஸ் சார் பேசுறேன்."

"ம்."

அந்த 'ம்' எனக்குப் போதுமானதாக இருந்தது. கொட்டத் தொடங்கினேன். தப்பு என்மேல்தான், நேரம் வைத்துப் பூட்டியது நான், சிரித்தது நான், பெண் ஒரு குற்றமும் செய்யவில்லை, கூட ஒரு டீச்சரம்மா வருகிறார்கள், ராத்திரி வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவோம், நீங்கள் என்னை என்ன திட்டினாலும் தகும், அவளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், புதுச்சேரியில் பெரிய கோளரங்கம் இருக்கிறது, நட்சத்திரமெல்லாம் உள்ளேயே காட்டுவார்கள்... ராத்திரி முழுக்க நடுக்கடலில் இருந்துவிட்டு வந்த மனிதரிடம் நட்சத்திரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. அப்போதும் என் வாய் நிற்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் சார், பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.