ஆனியம்மாவின் சிவப்புச் சொற்கள்

நான் எழுதிய அறிக்கை ஒன்றைப் பல வருஷமாக நானே முழுசாக நம்பியதில்லை. அடுத்தவர் பேச்சைப் பதிவு செய்து, எந்தச் சொல் எந்த மொழி என்று பிரிப்பது என் வேலை. இதே வேலையில் காது தேய்ந்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

மூன்று பேனா

ஆனியம்மா நெதர்லாந்துக்காரர். உளுந்தூர்பேட்டைக்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, கல்வராயன் மலையடிவாரத்தில் மாட்டுப்பண்ணை வைத்தவர். ஞாயிறுதோறும் நெதர்லாந்திலிருக்கும் அண்ணனோடு போனில் டச்சு பேசுவார். அவர் சம்மதத்தோடு பதிவு செய்து, அவரையே பக்கத்தில் வைத்து அர்த்தம் கேட்டு எழுதுவேன். டச்சுக்கு நீலம், ஆங்கிலத்துக்குக் கறுப்பு, தமிழுக்குச் சிவப்பு. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "இன்னாங்க இது, என் வாய்ல இவ்ளோ ரத்தமா?"

பால் கறப்பவர்

டச்சு வாக்கியத்துக்கு நடுவே 'கம்மி', 'ஜாஸ்தி', 'புண்ணாக்கு' எல்லாம் வரும். 'கம்மி' தமிழே இல்லை, உருது வழியாக வந்தது என்று ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பால் கறந்துகொண்டிருந்த ஆரோக்கியம் தலையைக்கூடத் திருப்பவில்லை. "காலைலேர்ந்து நீங்களுந்தான் பைக்கு, டீ, ஜாஸ்தின்னு பேசிக்கினு கீறீங்க. உங்களுக்கு யாரு சார் சிவப்பு போடறது?"

மறந்த சொற்கள்

'தாய்மொழிச் சொல் மறந்த இடத்தில் தமிழ் வருகிறது' என்று அறிக்கையில் ஆங்கிலத்தில் எழுதினேன். பின்னால் அந்தத் தமிழ்ச் சொற்களின் பட்டியலும் சேர்த்தேன். ஆனியம்மா பெருமையாக அண்ணனுக்கு ஒரு படி அனுப்பினார். ஆனியம்மாவின் வீட்டுக்காரர் போன வருஷம் இறந்ததும் அண்ணன் அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார். சொந்தப் பேச்சே மறந்துபோச்சு, பண்ணையை விற்றுவிட்டுக் கிளம்பி வா என்று வாராவாரம் நெருக்குகிறார். ஆனியம்மா என்னிடம் கோபப்படவில்லை. "நீங்க எழுதினத வச்சித்தான் என்ன இழுக்கறாருங்க" என்றார்.

திரும்பக் கேட்டது

அந்தப் பழைய பதிவுகளை முதலிலிருந்து மறுபடி கேட்டேன். பட்டியலில் அதிக முறை வந்த சொல் 'மாட்டேன்'. பணம் அனுப்பட்டுமா, டாக்டரை மாற்றுகிறாயா என்று அண்ணன் கேட்டதற்கெல்லாம் ஆனியம்மா டச்சிலேயே மறுத்திருந்தார். திரும்பி வந்துவிடு என்ற ஒன்றுக்கு மட்டும், வீட்டுக்காரர் இருந்த அந்தக் காலத்திலேயே, ஒவ்வொரு தடவையும் 'மாட்டேன்'. அதையும் நான் மறதியில் சேர்த்திருந்தேன்.

அடுத்தவர் மறந்ததையெல்லாம் எழுதி வைத்த நான், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் மறந்துவிட்டேன். பட்டியலைக் குறுக்கே அடித்து எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னால் வைத்துக் கேட்டேன்:

"ஆனியம்மா, இது சொல்லு மறந்து சொன்னதாங்க, இங்கதான் இருப்பேன்னு சொன்னதாங்க?"