நேர்முள்காரியின் தராசு

பெண்பிள்ளைக்கு எதற்குக் கடை என்று கேட்டவர்களிடமிருந்தே காய்கறிச் சந்தையின் முப்பத்திரண்டாம் எண் கடையை வாங்கினாள். கடைகளுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய்க்காக இரண்டு வருடம் அலைந்து அதையும் வாங்கினாள். புருஷன் செத்தபோது "இனிமே இவ எங்கே நிமிரப் போறா" என்று உதடு பிதுக்கியவர்களை, ஒன்பதே மாதத்தில் "நல்ல கிழங்கா பாத்துப் போடும்மா" என்று தன் கடை முன்னால் நிற்க வைத்தாள். ஒரே மகளை நர்ஸாக்கினாள். முழங்கால் முறிந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வியாபாரம் பார்த்தாள். எழுந்து நடந்த அன்றைக்கு ஒரு வாடிக்கைகூடக் குறைந்திருக்கவில்லை. இவ்வளவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல்.

சந்தையில் அவளுக்கு நேர்முள்காரி என்று பேர். தொங்குதராசின் முள் ஆடி அடங்கி நேராக நிற்கிறவரைக்கும் அவள் பையைக் கட்ட மாட்டாள். அவசரக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். "பஸ்ஸு போயிடும்மா!" "பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும். என் முள்ளு சாஞ்சா நீ அடுத்த கடைக்குல்ல போவே?" என்பாள்.

அக்காவுக்கு மட்டும் அவள் சின்னவள்.

அக்கா ஒரு சலவைக்கூடத்தில் துணிகளுக்கு அடையாளச் சீட்டு எழுதுகிறவள். ஏழாவது வரைக்கும் படித்தவள். அம்மாவின் கடையில் கூடமாட இருக்க ஒரு ஆள் தேவைப்பட்டபோது பெரியவள் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் இருந்தாள், சின்னவள் வீட்டில் இருந்தாள். வேறு காரணம் எதுவும் இல்லை. "சாயங்காலம் நான் சொல்லித் தர்றேன்டி" என்று பெரியவள் சொன்னது உண்மை. ஒரே வாரத்தில் அதை விட்டுவிட்டதும் உண்மை. அதற்குப் பிறகு சின்னவளுக்கு எந்தத் தாள் வந்தாலும் படித்துச் சொல்வது அக்காதான். கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தைக் காட்டுவதும் அவள்தான்.

சந்தையில் எல்லாரும் மின்தராசுக்கு மாறியபோது சின்னவளும் ஒன்று வாங்கினாள். சிவப்பு எண்கள் ஒளிரும், முப்பது கிலோ தாங்கும். கூடவே மடித்து வைத்த விளக்கத்தாள் ஒன்று வந்தது. அக்கா அதைக் கடையிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டினாள்.

"எல்லாத்தையும் படிச்சியாக்கா?"

"படிச்சுட்டேன்டி. மிச்சமெல்லாம் கம்பெனி விலாசம்."

மிச்சத்தை அவள் பார்க்கவே இல்லை. எழுத்து பொடியாக இருந்தது, கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தாள்.

சலவைக்கூடம் விட்டதும் அக்கா தினமும் சந்தைக்கு வந்து கடையை ஒழுங்குபண்ணிக் கொடுப்பாள். எதுவும் இறைந்து கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. சின்னவள் குழாயடியில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, பழைய இரும்புப் படிக்கற்களைத் துடைத்து, இருபது கிலோ, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று என்று கோபுரம்போல அடுக்கி, துணி போட்டு மூடிவிட்டுப் போவாள். அடுக்குவதற்குச் சமமான இடம் அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மின்தராசின் தட்டு. மறுநாள் விடியலில் சின்னவளின் கூலியாள் அவற்றை இறக்கி வைத்துவிட்டு மூட்டை சுமக்கப் போய்விடுவான்.

நாலாம் மாதம் ஒரு சமையல்காரர் வந்து தக்காளிப் பையைப் பலகைமேல் வைத்தார். "என்னம்மா, உன் முள்ளும் சாய ஆரம்பிச்சிருச்சா?"

சின்னவள் தராசைப் பார்த்தாள். வெறும் தட்டே நாற்பது கிராம் காட்டியது. அன்று முழுக்க, வந்த வாடிக்கைகளை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொரு கை காய் அள்ளிப் போட்டாள். தொங்குதராசைத் தூசி தட்டி மாட்டினாள்.

தராசு வாங்கிய கடைக்குப் போனால் ரசீது எங்கே என்றார்கள். ரசீதோடு போனால் பெட்டி எங்கே என்றார்கள். பெட்டியை அக்கா நூல் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள். அதையும் தூக்கிக்கொண்டு போனால் மெக்கானிக் லீவு. "அடுத்த தரம் எங்க அம்மாவோட பிறந்த ஜாதகத்தைக் கேப்பானுங்க" என்று சின்னவள் முணுமுணுத்தாள். நாலாம் தரம் அக்காவும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள்.

மெக்கானிக் அடித்தகட்டைக் கழற்றி உள்ளே விளக்கடித்தார். "இது மேல பெரிய பாரம் ஏறியிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரொம்ப நாளா. உள்ள இருக்கிற பட்டை வளைஞ்சிருக்கு."

"யாரு ஏத்துவா? வெங்காயத்தைக்கூட நான் பிரிச்சுப் பிரிச்சுத்தான் போடுவேன். மனசறிஞ்சு சொல்றேன், நான் ஏத்தலை."

அக்காவின் கண்முன்னால் அந்தக் கோபுரம் வந்து நின்றது. இருபது, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று. மொத்தம் முப்பத்தெட்டு கிலோ, தராசு தாங்குவதோ முப்பது.

கடை முதலாளி ஒரு தாளை நீட்டினார். "பாரம் ஏத்தலைன்னு எழுதிக் குடுங்க, கம்பெனிக்கு அனுப்பிடறேன். ஒரு வாரத்துல புதுசு வந்துடும். படிக்காதவங்க கையில மிஷின் போனா இதே ரோதனைதான், என்ன பண்றது."

சின்னவள் அந்தப் பேச்சை விழுங்கிக்கொண்டாள். "மைப்பெட்டி இருக்காங்க?"

பெருவிரல் மையில் பதிந்தது. தாளுக்கு நகர்ந்தது. சொல்லாமல் இருந்துவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவின் மனசு ஒரு கணக்குப் போட்டது. அந்த நினைப்புக்கு அவளே கூசிப்போனாள். எட்டித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வைக்காதடி. நான்தான் ஏத்தினேன். தினமும். படிக்கல்லை எல்லாம் அது மேலதான் அடுக்கினேன். அந்தத் தாளை நான் முழுசாப் படிக்கவே இல்லை."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "நான் எதையும் கேக்கலைம்மா. இவங்களுக்குத் தெரியாதுல்ல? விரலை வச்சா முடிஞ்சுது."

"இப்போ தெரிஞ்சுபோச்சே" என்றாள் சின்னவள். மை விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கெட்ட தராசைப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் சின்னவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாரம் வச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லை" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "எல்லாத்தையும் படிச்சியான்னு நான் கேட்டேன்ல?"

அக்கா பெட்டியில் அவிழ்ந்திருந்த நூலை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

ஐந்து வாரம் தொங்குதராசுதான். அக்கா வழக்கம்போலச் சாயங்காலம் போனாள். சின்னவள் போகச் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பார்த்தால், விலை எழுதும் பலகையை மடியில் வைத்து, எதிர்க்கடை எலுமிச்சைக்காரி ஓர் எழுத்தைப் போட்டுக்காட்ட, சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அதன் மேலேயே சாக்பீஸால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட கேட்டா சொல்லித் தரமாட்டேனாடி?"

"நீ ஒரு வாரத்துல விட்டுடுவேக்கா."

எலுமிச்சைக்காரி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வீட்டுக்குப் போய் முகம் கழுவுகிறவள்போல ரொம்ப நேரம் குழாயடியில் நின்றாள்.

புதுத் தராசு வாங்கப் போகும்போது சின்னவளே சலவைக்கூடத்துக்கு வந்து கூப்பிட்டாள். "கண்ணாடி எடுத்துக்கோ."

அதே கடை, அதே முதலாளி. விளக்கத்தாளைக் கல்லாப் பலகையில் விரித்தாள் சின்னவள். "படி. விலாசத்தோட."

அக்கா படித்தாள். பின்னால் ஆட்கள் வரிசைகட்டினார்கள். முதலாளி பேனாவால் பலகையைத் தட்டினார். கடைசிப் பக்கத்தின் அடியில் அது இருந்தது. "பயன்படுத்தாத நேரத்தில் தட்டின் மேல் எந்தப் பொருளையும் வைக்காதீர்கள்."

"இன்னொரு தரம்."

இன்னொரு தரம் படித்தாள். பொடி எழுத்து கண்ணாடிக்குள் கலங்கியது. சின்னவள் பார்த்தும் பார்க்காததுபோல அக்காவின் முதுகில் கையை வைத்து, "சரி, மிச்சத்தையும் படி" என்றாள். கம்பெனியின் தொலைபேசி எண் வரைக்கும் படித்தாகிவிட்டது.

முதலாளி வாரண்டி அட்டையைத் தள்ளினார், கூடவே மைப்பெட்டியையும். சின்னவள் மைப்பெட்டியை மட்டும் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். தன் பேருக்கு ஐந்து எழுத்து. மூன்றாவதில் சற்று நின்று, மூச்சுவிட்டு, மறுபடி எழுதினாள். கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்தாள். தேதியையும் அவளே எழுதினாள்.

14.6.2018, வியாழக்கிழமை.