வெட்டாமல் விட்ட நாகமரம்

கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த எங்களுக்கு, வெள்ளவத்தையில் கால்வாயை அண்டிய ஒரு பழைய வளவின் பின்பக்க அறைகள் வாடகைக்குக் கிடைத்தன. ஒரு காலத்தில் அது பெரிய தோட்டமாம். துண்டு துண்டாக விற்றதில் வீடும் அதன் பின்னால் ஒரு சிறு காடுமே மிஞ்சியிருந்தன. கரையோரம் மருதமரங்கள், நடுவில், நானும் கணவரும் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு நாகமரம். சமைக்கும்போது என் குசினி யன்னலைத் திறந்தால் இலைகள்தான் தெரியும்.

வீட்டுக்காரி ஒரு சிங்களப் பெண்மணி. கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவரோடு பழகி எனக்குச் சிங்களம் விளங்கத் தொடங்கியிருந்தது.

யுத்த காலம் அது. நகரத்தில் குண்டு வெடித்த கிழமை, ஓர் இராணுவ அதிகாரி வந்து காட்டைச் சுற்றிப் பார்த்தார். “உள்ளே ஆள் ஒளிந்திருந்தாலும் றோட்டிலிருந்து தெரியாது. எல்லாவற்றையும் வெட்ட வேண்டும்” என்று ஆன்ட்டியிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை மரம் அரியும் வாள்களோடு வருவார்களாம்.

ஆன்ட்டி படுத்துவிட்டார். “நான் மணப்பெண்ணாக வந்தபோதே இந்த மரங்கள் கிழடு” என்றார்.

மறுநாள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பூனை மரங்களுக்கடியில் அடர்ந்து கிடந்த முட்பற்றைக்குள் நுழைந்து மறைந்தது. மறைப்பது மரமல்ல, பற்றைதான் என்று அப்போதுதான் பட்டது. கணவரிடம் சொன்னேன்.

“நீர் வாயைத் திறக்காதையும்” என்றார். “தமிழ்ப் பெட்டை காட்டுக்காகக் கதைச்சால், உள்ளுக்கு என்ன வைச்சிருக்கிறாய் எண்டுதான் கேப்பாங்கள்.”

“நான் கதைக்கமாட்டன். பற்றையை மட்டும் வெட்டுவம்.”

அவர் பயந்ததில் பிழையில்லை. ஆனாலும் லீவு போட்டுவிட்டு, கத்தியோடு முதலில் இறங்கியவர் அவர்தான். ஆன்ட்டியும் எழுந்து வந்து வெட்டிய முட்களை இழுத்துப் போட்டார். கைகளெல்லாம் கீறல். வேலை முடிந்தபோது, றோட்டில் நின்றாலே கால்வாய்த் தண்ணீர் தெரிந்தது.

லொறியோடு வந்த அதிகாரி திகைத்து நின்றார். “யார் செய்தது?” என்று கேட்டார். ஆன்ட்டி என்னைக் காட்டினார். நான் கீறல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு, ஒரு சிப்பாயை மரங்களுக்கிடையே நடக்கச் சொல்லி, றோட்டில் நின்று பார்த்தார். மருதுகளுக்கிடையே சிப்பாய் தெரிந்துகொண்டே போனான். நாகமரத்துக்குப் பின்னால் மட்டும் காணாமற்போனான்.

“இதை வெட்டு” என்றார் அதிகாரி.

ஆன்ட்டி நேரே போய் மரத்தடியில் நின்றார். “இனிப் பிறக்கப்போகும் அடுத்த புத்தர் ஞானம் பெறப்போவது நாகமரத்தடியில்தான். இதை வெட்டுகிற பாவத்தை யார் ஏற்கிறீர்கள்? சொல்லுங்கள்.”

வாளோடு நின்றவன் மெல்ல ஓரடி பின்வாங்கினான். மற்றவன் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தான். அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“சரி, அம்மா. கீழ்க்கொப்புகளை மட்டும் கழிக்கிறோம். பற்றை திரும்ப வளரக் கூடாது.”

கொப்புகளைக் கழித்துவிட்டுப் போய்விட்டார்கள். லொறிச் சத்தம் காலி நகருக்குப் போகும் பெருவீதியில் கரைந்ததும் கணவர் வெறும் நிலத்தில் குந்திவிட்டார். “அப்பாடா, உயிர் வந்திட்டுது!” என்று சிரித்தார். ஆன்ட்டிக்குத் தமிழ் விளங்காது. அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கோ சிரிப்போடு அழுகையும் வந்தது. உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.