தண்ணீர் குடித்த அத்தான்

கந்தசஷ்டி முதல் நாள். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்துக் கோயில் மண்டபம். பூசை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, என் அத்தான் — அக்காவின் கணவர் — பையிலிருந்து ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். ஊரே பார்க்க, மடக்கு மடக்கென்று குடித்தார்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மனிதர் இருபத்திரண்டு வருடமாக சஷ்டி ஆறு நாளும் பகலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் பிடித்தவர். இரவானால் ஒரு கோப்பை பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். அப்படியே முதியோர் இல்லத்தில் வேலையும் செய்வார், நாள் முழுக்க நின்றபடி.

போன வருட சஷ்டியில்தான் வினை வந்தது. ஐந்தாம் நாள் காலையில் வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து... போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். கவுட் என்கிற மூட்டு வாதம்! சொந்தபந்தம் உடனே தீர்ப்புச் சொன்னது: ஆட்டிறைச்சி கூடிப்போச்சு. பாவம் அத்தான், விரத காலத்தில் முட்டைகூடத் தொடாதவர்.

டொக்டர் — ஒரு இளம் டெனிஷ் பெண் — வேறு கதை சொன்னார். யூரிக் அசிட் ஏற்கெனவே உடம்பில் கூடித்தான் இருந்திருக்கிறது. தண்ணீரில்லாப் பட்டினி அதைக் கிளப்பிவிட்டது. வீக்கம் வற்றியதும் தினமும் போடும் குளிசை ஒன்றைத் தொடங்கினார். ஆரம்பத்தில் வலி திரும்பவும் வரலாம், பயந்து நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

வந்தது. இரண்டு மாதத்தில் மறுபடி அதே விரல். நாங்கள் விடுவோமா? ஆளாளுக்கு வைத்தியர் ஆனோம். நான் இருக்கும் வைலேயிலிருந்து போன் எடுத்து, என் பங்குக்கு நானும் அந்தக் குளிசையைத் தூக்கி எறியச் சொன்னேன். அத்தான் நிதானமாகக் கேட்டார்.

"மச்சான், நோகிறது ஆற்றை கால்?"

என்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப நான் விடேல்லை. வலி வருமெண்டு டொக்டர் சொன்னவ, வந்திருக்கு. அவ சொன்னது சரியாத்தானே போகுது?"

இப்படியும் ஒரு மனிதர்! எனக்கு ஒரு கிழமை மருந்தையே ஒழுங்காக முடிக்கத் தெரியாது. அவரோ ஒரு நாள் தவறாமல் போட்டார். கூப்பிட்ட நேரமெல்லாம் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். வேலையிடத்தில் கறுத்த பாண் ரொட்டியில் ஈரல் களி பூசிச் சாப்பிடுவதை விட்டார், பியரை விட்டார். வந்தவர்களுக்கு நண்டுக்கறி பரிமாறிவிட்டு, தான் கத்தரிக்காய்க் குழம்போடு எழும்பினார். அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆறேழு மாதமாக வலி எட்டியும் பார்க்கவில்லை.

ஆனால் சஷ்டி வந்துகொண்டிருந்ததே!

பட்டினி வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பது டொக்டரின் கட்டளை. கேட்காவிட்டால் கால் போச்சு. கேட்டால்...? அது வெறும் விரதம் இல்லை, நேர்த்தி. மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவில் கிடந்தபோது முருகனிடம் கொடுத்த சொல். என் உயிர் உள்ளவரை இப்படியே பிடிப்பேன் என்று. சொல்லை மீறி, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால்? இரண்டாம் முறை வலி வந்தபோது அசையாத மனிதர், இதற்கு நடுங்கினார். கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

பிறகு எப்படித் துணிந்தார்? மண்டபத்தில் வைத்து அக்கா என் காதுக்குள் சொன்னார். முந்தின கிழமை மகளை முன்னால் இருத்தி, அவளிடமே அனுமதி கேட்டாராம். உனக்காக வைத்த நேர்த்தியைக் குறைக்கப் போகிறேன், மரக்கறிச் சாப்பாடும் தண்ணீரும் எடுக்கப் போகிறேன், உனக்குச் சம்மதமா என்று.

மகள் விபோர்க்கில் வேலை செய்கிறாள். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. அன்றும் அப்படித்தான் சொன்னாளாம். அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"அப்பா, நான் வளந்திட்டன். இனி நீங்கள் தண்ணி குடிக்கலாம்."

கொடுத்த சொல்லிலிருந்து, அவள் வாயால் அவரை விடுவித்தது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. முருகனுக்கு டெனிஷும் தெரியும் போல!