கழுவாத கிண்ணங்கள்

முகத்துக்கு நேரே அவளை அக்கா என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் பினாயில் அக்கா. எங்கள் கிறிஸ்தவச் சபையில் அவளுக்கு வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

பேருந்து நிலையத்துப் பொதுக் கழிப்பறையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. விடிகாலை ஐந்தரைக்கே போய்விடுவாள். தரையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பீங்கானைத் தேய்த்து, அடைத்துக்கொண்ட குழாயில் கம்பியை விட்டுக் குத்தி எடுத்து, மத்தியானம் மாற்று ஆள் வரும்வரை வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். புருஷன் மூட்டை தூக்கியவர். பின்னால் வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பஸ் ஸ்டாண்டு ஆபீஸ்ல" என்பாள். அக்காவுக்கு அதில் கோபமில்லை. "மேசை இருக்கு, நாற்காலி இருக்கு. ஆபீஸ்தானே" என்று சிரிப்பாள்.

சபைக்கு ஏன் வந்தாள் என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஒருநாள்தாண்ணே லீவு. யாரும் கதவத் தட்டாத எடத்துல ஒரு மணி நேரம் உக்காரணும்னு வந்தேன். பாட்டும் நல்லா இருந்துச்சு. அப்படியே இருந்துட்டேன்."

நான் தையல்காரன். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஆயர் அப்பம் கொடுத்துக்கொண்டே போவார். பின்னாலேயே நான் திராட்சரசப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போவேன். வரிசையாக முழங்காலிட்டிருப்பவர்கள் ஒவ்வொருவராக ஒரு மிடறு குடிப்பார்கள். நான் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்கு நீட்ட வேண்டும். கடைசியில் மிஞ்சுவதைக் குடித்து முடிப்பதும் என் பொறுப்புதான்.

பல தொழில், பல மொழி, பல ஊர் ஆட்கள் சேர்ந்து நடத்தும் சபை என்பதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. பல் டாக்டர், தலைமை ஆசிரியை, பிழைப்புக்காக எங்கிருந்தோ வந்து எங்கள் பேச்சை அரைகுறையாகப் பேசும் வெல்டர் என்று மூன்று பேரைக் கைகோத்து நிற்க வைத்துப் படம் எடுத்து, வாசலில் பேனராக மாட்டியிருந்தோம். "எல்லாரும் வாங்க, இது உங்க வீடு" என்று அதில் எழுதியிருக்கும்.

அக்கா வந்து மூன்றாம் மாதமே கவனித்தேன். திருவிருந்துக்கு அவள் எழுந்தால் அவளுக்கு முன்னால் போக ஒரு தள்ளுமுள்ளு. முந்த முடியாதவர்கள் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வார்கள், பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிடுவார்கள், அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பார்கள். அக்கா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள். "எவ்வளவு ஆசையா ஓடுறாங்க பாருங்க" என்றாள் என்னிடம். அவர்களை மட்டும் சொல்லி என்ன? அவள் குடித்த பிறகு நான் விளிம்பை இரண்டு தடவை துடைத்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். வீட்டுக்கு வந்தால் மனைவி, "அந்தம்மா வாய் வச்சதுல நீங்களும் வாய் வச்சுட்டு வந்து என் டம்ளரத் தொடாதீங்க" என்பாள்.

கமிட்டி கூடியது. தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாரையும் மனசுல வச்சுச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். ஒரே பாத்திரத்துல எல்லாரும் குடிக்கிறது இந்தக் காலத்துக்குச் சரியா வருமா?"

"எச்சில்ல என்னென்ன இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் பல் டாக்டர்.

ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் என்று முடிவானது. நூற்றிருபது கிண்ணம், அடுக்கிவைக்கத் தட்டுகள். அக்காவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அவளைப் பற்றித்தான் பேசினோம்.

"நூத்திருபது பேர் எச்சில யார் கழுவுறது?" என்று ஆயர் கேட்டார்.

"அக்கா இருக்காங்களே" என்றார் தலைமை ஆசிரியை. "சுத்தம் பண்றதுல அனுபவம் உள்ளவங்க. ஊழியமா நினைச்சுச் செய்யுங்கன்னு சொன்னா சந்தோஷப்படுவாங்க."

சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

அக்கா நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். புது ரவிக்கை ஒன்று தைத்துக்கொடுக்கச் சொல்லி என்னிடம் துணி கொண்டுவந்தாள், ஊழியத்துக்குப் போட்டுக்கொள்ள. ஆராதனை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வெந்நீர் வைத்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் சோப்பில் ஒரு தடவை, வெந்நீரில் இரண்டு தடவை கழுவித் துணியில் கவிழ்ப்பாள். கேட்காமலே வெல்டர் வந்து துடைக்க நின்றுகொண்டார். அவர் தப்புத் தப்பாகப் பேசுவார், அவள் திருத்துவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். பேனரில் இருந்தது அந்த எட்டடி அறைக்குள் மட்டும்தான் நடந்தது.

நாலு மாதம் போனது. ஒருநாள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்ணே, அந்தப் பெரிய பாத்திரம் என்னாச்சு? ஓட்டை விழுந்துருச்சா?"

"இல்லக்கா. சுகாதாரம்னு மாத்துனாங்க."

"எப்பலேர்ந்து வந்துச்சு இந்தச் சுகாதாரம்?"

"நீங்க வந்ததுக்கு அப்புறந்தான்" என்றேன். வாய் தவறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு பிரயோஜனமில்லை.

அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என் வாய் ஆகாது, கை ஆகும். அப்படித்தானேண்ணே?"

பாக்கிக் கிண்ணங்களையும் கழுவி வைத்துவிட்டுத்தான் அன்று போனாள்.

அடுத்த திருவிருந்து அன்று அவள் அந்த அறைக்கு வரவில்லை. உள்ளே நுழையப் போன வெல்டரை, "வா தம்பி, போலாம்" என்று கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான் கழுவியிருக்கலாம். இரண்டு கைதானே வேண்டும்? யாராவது வந்து கழுவிக்கொள்வார்கள் என்று தட்டுகளோடு தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

யாரும் வரவில்லை. அடுத்த மாதம் ஆராதனைக்கு அரைமணி நேரம் இருக்கும்போது தலைமை ஆசிரியை அலமாரியைத் திறந்தார். திறந்த வேகத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். கிண்ணங்களின் அடியில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. விளிம்பெல்லாம் உதட்டுச்சாயமும் காய்ந்த எச்சில் கோடும். எறும்பு மொய்த்து, செத்து, மிதந்து, உலர்ந்து கிடந்தது. ஒரு தட்டில் கரப்பான்பூச்சி மல்லாந்திருந்தது. புளித்த நாற்றம் பீடம்வரை வந்தது. எல்லாம் எங்கள் வாய் பட்டது. டாக்டர் வாய், ஆசிரியை வாய், என் மனைவி வாய், என் வாய்.

"அந்தம்மாவ வரச் சொல்லுங்க" என்றார் பல் டாக்டர், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

அக்கா நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலைமை ஆசிரியை போய்க் குனிந்தார்.

"அக்கா, கிண்ணமெல்லாம் கழுவாமக் கிடக்கு."

"ஆமாங்க டீச்சர்."

"நாறுது."

"நாறத்தாங்க செய்யும். வாய் வச்சவங்க கழுவட்டும்." குரலை அவள் உயர்த்தவில்லை. "பஸ் ஸ்டாண்டுல கண்டவங்க அசிங்கத்தையும் கழுவுறேன். அவங்க யாரும் எனக்கு ஊழியம்னு பேர் வைக்கல. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுங்க."

ஆயர் அங்கியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தொட்டியில் கை விட்டார். நானும் விட்டேன். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் கை விடுகிற டாக்டர் நாலாவது கிண்ணத்தில் ஓங்கரித்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். முப்பதுகூடத் தேறவில்லை, மணி அடித்துவிட்டது. ஆயர் கீழ்த்தட்டில் துணி சுற்றிக் கிடந்த பழைய பாத்திரத்தை எடுத்துத் துடைத்தார்.

அன்று முதல் வரிசையிலேயே அக்கா முழங்காலிட்டாள். நிதானமாகக் குடித்தாள். நான் ஒரு தடவைதான் துடைத்தேன். அடுத்தது வெல்டர், அவருக்குப் பிறகு வயதான இரண்டு பேர். பாதிச் சபை எழுந்திருக்கவேயில்லை. என் மனைவி மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தை அப்படி உற்றுப் படித்துக்கொண்டிருந்தாள்.

சபையின் பாரம்பரியத்தைக் காக்கும் பொருட்டு மீண்டும் ஒரே பாத்திரம் என்று கமிட்டி தீர்மானம் எழுதியது. பாரம்பரியமாவது ஒன்றாவது! கழுவ ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தலைமை ஆசிரியை இப்போது முதல் பெஞ்சுக்கு மாறிவிட்டார், எல்லாருக்கும் முன்னால் குடிப்பதற்கு. டாக்டர் அப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறார். மனைவி இன்னும் எனக்குத் தனி டம்ளர்தான் வைக்கிறாள்.

ஒருநாள் வாசலில் அக்காவை நிறுத்தினேன்.

"அக்கா, அன்னைக்குக் கமிட்டியில நானும் கை தூக்கினேன்."

"தெரியும்ணே. உங்க முகத்துலயே எழுதியிருந்துச்சு."

"மன்னிச்சிருங்கக்கா."

பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே அவள் சொன்னாள்: "அந்த ரவிக்கையில அக்குள் பிடிக்குது. கொண்டாந்து தரேன், பிரிச்சுத் தைச்சுக் குடுங்க."