வெதுவெதுன்னுதான் கீது!

போன வாரம் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பென்னலூரில் என் அடுத்த வீட்டுக்காரர் செல்வராஜ் அங்கே படுத்திருக்கிறார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். வாட்டசாட்டமான ஆள்.

வலது முட்டிக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

ஆக்சிடென்ட்டா? இல்லை. வெந்நீரில் கால் வைத்தார். அவ்வளவுதான்.

வராந்தாவில் அவர் மனைவி மல்லிகா சொன்னதைச் சொல்கிறேன்.

தெருக்காரர்கள் சிலரோடு இருவரும் வடநாட்டு டூர் போயிருந்தார்கள். மலைமேல் ஒரு கோயில், பக்கத்திலேயே வெந்நீர் ஊற்று. கந்தகமும் இன்னும் என்னென்னவோ தாது உப்புகளும் கலந்த தண்ணீர் — மூட்டு வலி, சொறி, அரிப்பு எல்லாம் ஓடிவிடும் என்று டூர் கைடு அடித்துச் சொல்லியிருக்கிறார்.

மல்லிகா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர். முட்டி வலி.

"கொஞ்சம் கொஞ்சமா எறங்கினேன் சார். நெசமாவே இதமா இருந்துச்சு. அன்னிக்குப் படி ஏறும்போது வலியே தெரியல. அதான் இவரையும் கூப்ட்டேன்..."

செல்வராஜுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் மாத்திரை விட்டுப்போகும். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாதாம். இந்தத் தண்ணீர் அதற்கும் நல்லது என்று யாரோ சொல்ல, ஊற்று வந்து குளத்தில் விழுகிற இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு காலையும் தொங்கப் போட்டுவிட்டார். மற்றவர்களால் அங்கே விரல்கூட வைக்க முடியவில்லை.

"இன்னாத்துக்கு பயப்படறீங்க? வெதுவெதுன்னுதான் கீது!"

கூட வந்தவர்கள் கை தட்டினார்களாம்.

திரும்பும்போது ரயிலில் கொப்புளங்கள். ஊர் வந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று மல்லிகா கூப்பிட்டிருக்கிறார். "வலிக்கவே இல்ல. லீவெல்லாம் டூர்லயே பூட்ச்சு" என்று செல்வராஜ் காலில் துணியைச் சுற்றி, சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். சில நாளில் ஷூவைக் கழற்றியபோது வீடெல்லாம் நாற்றம். கட்டைவிரல் கறுத்திருந்தது.

முதலில் விரல்களை எடுத்தார்கள். சீழ் நிற்கவில்லை. பிறகு... கால்.

"வலிச்சிருந்தா தப்பிச்சிருப்பாரு" என்றார் டாக்டரம்மா. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் சூடும் தெரியாது, காயமும் தெரியாது. வெந்நீர் இறுகிய மூட்டைக் கொஞ்ச நேரம் தளர்த்தும் — உண்மைதான். செத்த நரம்பை எழுப்புமா? எழுப்பாது. தோலைச் சுட்டுவிட்டுப் போகும்.

கம்பெனியில் அவர் வண்டிக்கு வேறு ஆள் போட்டாயிற்று. "உடம்பப் பாத்துக்கோங்க, அப்புறம் பேசலாம்" என்றாராம் சூப்பர்வைசர். என்ன பேச?

"நான்தானே சார் கூப்ட்டேன்..." என்று மல்லிகா அழுதார். அன்பில்தானே கூப்பிட்டீர்கள் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது செல்வராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது பாதத்தைக் கண்ணால் காட்டினார். குதிகாலில் கட்டு.

"இந்தக் காலயும் அதே தண்ணிலதான் சார் வெச்சேன். இதுவும் வலிக்கல... பயமா கீது."

உங்கள் வீட்டுச் சர்க்கரைக்காரர் குளிக்கப் போகும்முன், தண்ணீரில் நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுடுகிற தண்ணீர் அவருக்குச் சுடவில்லையா? தைரியசாலி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்!